டீக்கடை பொட்டி பேசுறதுக்குப் பின்னாடி என்ன நடக்குது

சாயங்காலம் மயிலாப்பூர் மாட வீதில நடந்து போனா பூக்கடை, சுண்டல் வண்டி, ஜூஸ் கடைன்னு வரிசையா சவுண்ட்பாக்ஸ் (போன்ல காசு போட்டா எவ்ளோ வந்துச்சுன்னு வாய்விட்டு சொல்ற பொட்டி) சத்தம்தான், இவ்ளோ ரூபாய் வந்துச்சு அவ்ளோ ரூபாய் வந்துச்சுன்னு. எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா சமீபத்துல வந்த கருவிகள்ல மனுஷங்க நடுவுல இருக்கற சந்தேகத்தை இவ்ளோ சீப்பா தீர்த்தது வேற எதுவும் இல்லன்னுதான் எனக்குத் தோணுது.

2016-ல போன்லயே காசு அனுப்பற யூபிஐ வந்தப்போ, காசு வந்துச்சான்னு தெரிஞ்சுக்க கடைக்காரருக்கு ரெண்டு வழிதான். தன் போன்ல மெசேஜ் பாக்கணும், இல்லன்னா கஸ்டமர் தன் போன்ல நீட்டுற, காசு போயிடுச்சுங்கற பச்சை டிக்கை நம்பணும். பஜ்ஜி போடறவர் எண்ணெய்க் கையோட எத்தனை தடவை போனை எடுப்பாரு சொல்லுங்க, அதனால டிக்கைத்தான் நம்பினாங்க, அங்கதான் பழைய ஸ்கிரீன்ஷாட்டும் அசல் மாதிரியே இருக்கற போலி ஆப்பும் உள்ள பூந்துச்சு. சரின்னு "கொஞ்சம் காட்டுங்க சார்"னு கேட்டா, நிஜமாவே காசு போட்டவருக்கு மூஞ்சி சுருங்கிடும்.

2019-ல பேடிஎம் சவுண்ட்பாக்ஸை இறக்குச்சு, பின்னாடியே மத்த கம்பெனிங்களும் வந்துட்டாங்க. விஷயம் என்னன்னா, கஸ்டமர் போனுக்கும் அந்தப் பொட்டிக்கும் நேரடியா ஒரு தொடர்பும் கிடையாது. நீங்க பின் நம்பர் போட்டதும் தகவல், யூபிஐயை நடத்தற என்பிசிஐ வழியா உங்க பேங்குக்குப் போயி பணம் கழிஞ்சு, கடைக்காரர் பேங்க்ல ஏறி, அதுக்கப்புறம் கடைக்காரரோட பேமெண்ட் கம்பெனி சர்வர் பொட்டிக்குத் தகவல் அனுப்புது. பொட்டிக்குள்ள தனி சிம் இருக்கு, சர்வரோட லைனை எப்பவும் திறந்தே வெச்சிருக்கும். ஏமாத்த நினைக்கறவன் தன் போன்ல என்ன தில்லாலங்கடி பண்ணாலும் இந்த வழில கை வைக்க முடியாது. ராத்திரியோட ராத்திரியா எவனாவது க்யூஆர் மேல தன்னோட ஸ்டிக்கரை ஒட்டிட்டுப் போனாலும், காலைல முதல் வியாபாரத்துலயே பொட்டி வாயைத் திறக்காது, திருட்டு மாட்டிக்கும்.

குரல் நெட்ல வர்றதில்ல பெரும்பாலும், தொகை மட்டும் சின்ன மெசேஜா வரும், உள்ளயே சேமிச்சு வெச்ச துண்டுகளை ஒட்டிப் பேசும். தமிழ்ல இதுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. இருபதையும் அஞ்சையும் அப்படியே ஒட்டினா "இருபது அஞ்சு"ன்னு வரும், யாரும் அப்படிப் பேசறதில்ல, அதனால இருபத்தி, நூத்தின்னு தனித்தனி துண்டு வேணும்.

அதோட, சத்தம் ரெண்டு பேர் காதுலயும் ஒரே நேரத்துல விழுது. கடைக்காரருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும்ங்கறது கஸ்டமருக்கும் தெரியும், அதனால கேக்கவும் வேண்டாம் காட்டவும் வேண்டாம். எஸ்எம்எஸ்ல இது நடக்காது, அது ஒருத்தர் போனுக்குள்ளயே அடங்கிடும்.

ஆனா லேட்டாச்சுன்னா எல்லாம் போச்சு. 10 செகண்டுக்கு மேல காக்க வெச்சா கவனம் வேற பக்கம் போயிடும்னு கம்ப்யூட்டரை மனுஷங்க எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு ஆராய்ஞ்ச ஜேக்கப் நீல்சன் 1993-லயே கம்ப்யூட்டர் திரைக்குச் சொன்னாரு. டீக்கடைல பின்னாடி நாலு பேர் நிக்கறப்போ அந்த 10 செகண்டே ரொம்ப நீளம். டவர் வீக்கா இருந்தா காசு ஏறியும் பொட்டி கம்முனு இருக்கும், இந்த மௌனத்துக்கு காசு வரலன்னு ஒரு அர்த்தம், நெட் இல்லன்னு இன்னொரு அர்த்தம். சில மாடல்ல நெட் இருக்கான்னு காட்ட சின்ன லைட் இருக்கு, ஆனா ரஷ்ஷுல அதை யாரு பாக்கறா? நெட் போனா பொட்டியே வாயைத் திறந்து சொல்லிடறதுதான் சரியான டிசைன்.

இன்னும் சரியா தீராத ஓட்டை ஒண்ணு இருக்கு. பொட்டி தொகையைத்தான் சொல்லுது, யார் போட்டாங்கன்னு சொல்றதில்ல. ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஆளுக்கு 15 ரூபா டீக்கு ஸ்கேன் பண்ணி, பொட்டி ஒரு தடவை மட்டும் பேசிட்டு நிறுத்திட்டா, அது யாரோட காசுன்னு மாஸ்டர் மறுபடியும் மூஞ்சியைப் பாத்துதான் முடிவு பண்ணணும்.