குட்டி ஏன் கால்மிதியைத் தேடுகிறது?

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம், அந்தப் பழுப்பு நிற நாட்டு நாய்க்குட்டி ஒரே இடத்தில்தான் ஒன்றுக்குப் போனது. சமையலறை வாசலில் கிடந்த கால்மிதி. துவைத்துக் காயவைத்துப் போட்டால், அரை மணி நேரத்தில் மறுபடி அதன் மேலேயே. பார்த்தவர்கள் "சேட்டை" என்றார்கள். அது சேட்டை இல்லை என்று எனக்குப் புரியவே சில நாள் ஆனது.

பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு மூன்று வாரம் தானாகச் சிறுநீர் கழிக்க வராது. தாய் அதன் அடிவயிற்றுப் பக்கம் நக்கிவிட வேண்டும். அந்தத் தூண்டலில்தான் வரும். வருவதையும் அவளே நக்கிச் சுத்தம் செய்துவிடுவாள், அதனால் படுக்கை ஈரமாவதில்லை. மூன்றாவது வாரம் கால் ஊன்றியதும் குட்டி தள்ளாடித் தள்ளாடிப் படுக்கையை விட்டு நகர்ந்து போய்க் கழிக்கிறது. படுக்கிற இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் இப்படி அதனோடேயே வந்துவிடுகிறது, நாம் கற்றுக்கொடுப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், குட்டியின் கணக்கில் 'வீடு' என்பது அதன் படுக்கையும் சுற்றி நாலடியும்தான். நம் ஹாலின் மறுகோடி அதற்கு வெளியூர் மாதிரி.

ஆகவே முதலில் இடத்தைச் சுருக்க வேண்டும். கூண்டோ, தடுப்பு வைத்த ஒரு மூலையோ போதும். அங்கே அது சுத்தமாக இருக்கப் பழகியபின் ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடலாம்.

அப்புறம், கால்மிதி விஷயம். ஏழு முதல் ஒன்பது வார வயதில், எந்த மாதிரித் தரையில் கழிப்பது என்பது குட்டிக்குப் படிய ஆரம்பிக்கிறது. பாதத்துக்குத் தெரியும் அந்தச் சொரசொரப்பும் மூக்குக்குத் தெரியும் வாசனையும் சேர்ந்து 'இதுதான் இடம்' என்றாகிவிடும். எங்கள் குட்டி வளர்ந்தது சாக்கு விரித்த ஒரு கொட்டகையில். வழுக்கும் டைல்ஸுக்கு நடுவே, சாக்கு மாதிரி இருந்த ஒரே பொருளை அது சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது.

மண்ணையும் புல்லையும் பழக்க வேண்டிய இந்த வயதில்தான் தடுப்பூசிகளும் முடிந்திருக்காது. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், தெருவில் இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நாய் நடமாட்டமே இல்லாத இடத்திலிருந்து மண்ணும் புல்லும் கொண்டுவந்து, ஒரு அகலத் தட்டில் பரப்பி மொட்டை மாடியில் வைத்தோம்.

எப்போது தூக்கிக்கொண்டு ஓடுவது? இதற்கு உடம்பே மணி அடிக்கிறது. இரைப்பை நிரம்பினால் பெருங்குடல் அசையத் தொடங்கும். நமக்கும் இந்த அனிச்சைச் செயல் உண்டு, குட்டிகளுக்கு வேகம் அதிகம். சாப்பிட்ட ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் பெரும்பாலும் போய்விடும். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும் அப்படித்தான். அடக்கி வைக்க மூளை, தண்டுவடம், சுருக்குத் தசை மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். இரண்டு மாதக் குட்டிக்கு அது முதிர்ந்திருக்காது. பகலில் இரண்டு மூன்று மணி நேரம்தான் தாங்கும்.

ஓடிக்கொண்டிருந்த குட்டி சட்டென்று நிற்கும். மூக்கைத் தரையோடு ஒட்டி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அந்த இரண்டாவது சுற்றுக்குள் தூக்கிவிட வேண்டும். மாடியில் பேசாமல் நிற்பேன். முடித்த அந்த நொடியே, அங்கேயே, ஒரு துண்டு வேகவைத்த கோழி. கீழே வந்து கொடுத்தால், படியிறங்கி வந்ததற்குப் பரிசு என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

ஒருமுறை அதட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து ஒன்றுக்குப் போக ஆரம்பித்தது. மனிதர் முன்னால் போனால் ஆபத்து என்பதுதான் அது கற்ற பாடம். குற்ற உணர்ச்சி போலத் தெரியும் அந்த முகத்தை 2009-இல் நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் சோதித்துப் பார்த்தார். நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைவிட, உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே அந்த முகம் வந்தது. எனக்கு இன்றும் அந்த ஒரு அதட்டல் உறுத்துகிறது.

துடைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பினாயில் நம் மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கும். நம்மிடம் சில மில்லியன் மோப்பச் செல்கள் என்றால் நாயிடம் நூறு மில்லியனுக்கும் மேல். மிச்சமிருக்கும் துளி வாசனையும் அதை அதே இடத்துக்குக் கூப்பிடும். சிறுநீரில் உள்ள பொருட்களையே சிதைக்கும் நொதி (என்சைம்) கலந்த திரவம்தான் சரி. அம்மோனியா கலந்தது வேண்டவே வேண்டாம், சிறுநீரின் வாடையிலேயே அம்மோனியா இருக்கிறது. நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போக ஆரம்பித்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

கால்மிதியை மூன்று மாதம் எடுத்து வைத்திருந்தோம். போன வாரம் மறுபடி போட்டோம். நிதானமாக மோந்து பார்த்தது. காலால் இரண்டு தடவை பிறாண்டியது. பிறகு அதன் மேலேயே சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது.