கேள்வி நேரமா, வினா நேரமா?

சட்டமன்றப் பேரவை கூடும் நாளில் முதல் வேலை திருக்குறள். பேரவைத் தலைவர் ஒரு குறளைப் படித்துப் பொருள் சொல்வார். அடுத்தது உறுப்பினர்களின் கேள்விகள். ஓர் உறுப்பினர் எழுந்து, "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் தொகுதியில் மழைக்காலத்தில் மூழ்கிப் போகிற தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக மாற்ற அரசு ஆவன செய்யுமா என்பதைத் தங்கள் வாயிலாக அறிய விரும்புகிறேன்" என்பார். அமைச்சர் எழுந்து விடை சொல்வார். இந்த நேரத்தைப் பத்திரிகைகள் 'கேள்வி நேரம்' என்று எழுதுகின்றன. அவையின் ஏட்டில் 'வினாக்கள் - விடைகள்' என்று இருக்கும். இரண்டில் எது சரியான தமிழ் என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டுமே நல்ல தமிழ்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

முதலில் 'கேள்வி'. இதன் வேர் 'கேள்'. காதால் செய்வதற்கும் வாயால் செய்வதற்கும் தமிழில் இந்த ஒரே வினைதான். பாட்டுக் கேட்கிறோம், வழி கேட்கிறோம், கடன் கேட்கிறோம். 'சொன்னால் கேட்பதே இல்லை' என்று பிள்ளையைக் குறை சொல்லும்போது அங்கே கேட்பது என்றால் பணிந்து நடப்பது. திருக்குறளில் 42-ஆம் அதிகாரத்தின் பெயர் 'கேள்வி'. அதில் வினாவைப் பற்றிய பேச்சே கிடையாது. 'செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்' என்று தொடங்கி, பத்துக் குறளும் செவியால் பெறும் அறிவைத்தான் பேசுகின்றன. இன்றும் படிக்காமலே பலர் வாய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் 'கேள்வி ஞானம்' என்கிறோம். அப்புறம் வினா என்ற பொருள் முன்னுக்கு வந்து, செவிப்பொருள் பின்னுக்குப் போய்விட்டது.

இந்தச் சொல்லின் இன்னொரு கிளையை நாம் கவனிப்பதில்லை. குண்டும் குழியுமான சாலையைக் 'கேட்பாரற்றுக் கிடக்கிறது' என்போம். கவனிப்பு இல்லை என்பதைச் சொல்ல, 'கேட்பார்' இல்லை என்கிறோம். 'ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்க ஒருவர் இருந்தால் அந்தப் பொருளுக்கு ஓர் ஆதரவு உண்டு என்ற எண்ணம் இந்த வழக்குக்குள்ளேயே இருக்கிறது. தன் தொகுதியின் பாலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சுகாதார நிலையத்துக்கும் எழுந்து நிற்கும் சட்டமன்ற உறுப்பினரின் வேலையை இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கு வேறு சொல் தெரியவில்லை. அவர் அந்த ஊர்களின் கேட்பார்.

'வினா' இவ்வளவு விரிந்த சொல் இல்லை. வினவு, வினாதல், வினா என்று ஒரே திசையில் போகும். அறிய வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது மட்டும் வினா. அதனால்தான் இலக்கணம் இதைக் கலைச்சொல்லாக எடுத்துக்கொண்டது. 'செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்' என்கிறது தொல்காப்பியம். விடையும் வினாவும் பிழைபடாமல் காத்துக்கொள் என்று பொருள். அந்நூலில் விடையின் பெயர் 'செப்பு'.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறி வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பட்டியல்தான். ஆனால் ஒரு நாள் கேள்வி நேரத்தை இதை வைத்துக்கொண்டு கவனித்தால் பட்டியலுக்கு உயிர் வந்துவிடும். 'அரசு மருத்துவமனையில் எத்தனை மருத்துவர் பணியிடங்கள் காலியாக உள்ளன?' என்பது அறியா வினா. 'புறவழிச்சாலை ஊருக்குக் கிழக்கே வருமா, மேற்கே வருமா?' என்பது ஐய வினா. 'பாலம் பழுதடைந்திருப்பதை அரசு அறியுமா?' என்று கேட்கும் உறுப்பினருக்கு அது பழுது என்று நன்றாகத் தெரியும். நேற்றுகூட அந்த வழியாகத்தான் வந்திருப்பார். அமைச்சர் வாயால் 'ஆம்' என்று அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார். அது அறி வினா.

அடுத்து வருகிறது 'ஆவன செய்யுமா?' என்ற முத்திரைத் தொடர். ஆவன என்றால் செய்யத் தக்கவை. 'அரசு முன்வருமா?' என்பதும் இதன் உடன்பிறப்பு. வடிவத்தில் வினா, உள்ளே வேண்டுகோள். 'வீட்டில் தண்ணீர் இல்லை, ஒரு குடம் எடுத்து வருகிறாயா?' என்று தம்பியிடம் அக்காள் கேட்பது போன்ற ஏவல் வினா. உள்ளூர்ப் பிரச்சினைக்காகக் கேட்கப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். தகவல் பெறுவதுதான் வினாவின் நோக்கம் என்று அவை மரபு சொல்லும். வினாவில் வாதமும் ஊகமும் ஏளனமும் கூடாது என்று மக்களவையின் விதிகளே வரையறுக்கின்றன. ஆனாலும் மக்கள் தம் உறுப்பினரை அனுப்புவது தகவலுக்காக மட்டும் இல்லை. வேலை நடக்க வேண்டும். அந்த இரண்டு தேவைகளையும் ஒரே வாக்கியத்தில் இணைக்க 'ஆவன செய்யுமா' கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இதை வெறும் அலுவலகத் தமிழ் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

விடைக்கு வருவோம். பேச்சில் நாம் சொல்வது 'பதில்'. இது உருது வழியாக வந்தது. 'மாற்றாக' என்பது அடிப்பொருள். 'அவருக்குப் பதில் இவர்' என்னும்போது அந்தப் பொருள் அப்படியே தெரியும். 'விடை' என்பது 'விடு' அடியாகப் பிறந்தது. விடுகதையை விடுவிப்பது போல, முடிச்சை அவிழ்ப்பது விடை. இவற்றோடு மறந்துபோன ஒரு சொல்லும் உண்டு: 'இறை'. நன்னூல் விடை எட்டு வகை என்று சொல்லும் இடத்தில் 'எண் இறை' என்றே சொல்கிறது. இறுத்தல் என்றால் விடை கூறுதல். வரி செலுத்துவதும் இறுத்தல்தான். 'இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு' என்ற குறளில் (733) முதல் இறை அரசனையும் அடுத்த இறை வரியையும் குறிக்கின்றன. ஆள்பவருக்கு மக்கள் இறுப்பது வரி. ஆள்பவர் மக்களுக்கு இறுப்பது விடை. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

அந்த எட்டு வகையும் அவையில் ஒலிப்பவைதான். 'பாலம் கட்டப்படுமா?' என்று கேட்டால் 'ஆம்' என்பது நேர் விடை, 'இல்லை' என்பது மறை விடை. 'நிலம் கையகப்படுத்துவதில் வழக்கு நிலுவையில் உள்ளது' என்றால் உற்றது உரைத்தல், அதாவது நடந்ததைச் சொல்வது. 'அந்த இடத்தில் கட்டினால் வீடுகளை இடிக்க நேரும்' என்றால் உறுவது கூறல், வரப்போவதைச் சொல்வது. 'உயர்மட்டப் பாலம் இல்லை, இருக்கிற தரைப்பாலம் பலப்படுத்தப்படும்' என்றால் இனமொழி. கேட்டதற்கு இனமான வேறொன்றைத் தருவது. தொல்காப்பிய உரைகாரர் நேராகச் சொல்வதைச் 'செவ்வன் இறை' என்றும், சுற்றிச் சொன்னாலும் விடையைத் தந்துவிடுவதை 'இறை பயப்பது' என்றும் பிரித்தார்கள். சுற்றி வரும் விடையை இலக்கணம் தள்ளவில்லை. ஆனால் அதிலிருந்து கேட்டவருக்கு விடை கிடைத்தாக வேண்டும். 'அரசின் பரிசீலனையில் உள்ளது' என்பதை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். எந்த அலுவலகத்தில், எந்த நிலையில், எந்த ஆண்டுக்குள் என்று சேர்த்துச் சொன்னால் அது இறை பயக்கும். சொல்லாவிட்டால் எட்டில் எதிலும் அடங்காது.

அங்கேதான் 'துணைக் கேள்வி' வருகிறது. அச்சிட்ட வினாவுக்கு அதிகாரிகள் தயாரித்த விடையை அமைச்சர் படித்துவிடலாம். அதன்பின் உறுப்பினர் அந்த விடையைப் பிடித்துக்கொண்டே கேட்பதுதான் துணைக் கேள்வி. இந்த உரிமை ஒரே நாளில் கிடைத்ததில்லை. பிரிட்டனில் அவையில் அமைச்சரிடம் கேட்டதாகப் பதிவான முதல் வினா 1721-இல் பிரபுக்கள் அவையில் எழுந்தது. இங்கே ஆங்கிலேயர் ஆட்சியில் 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்ட மன்றங்களில் உறுப்பினர்கள் அரசைக் கேள்வி கேட்க முடியாது. 1892-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் முன்னறிவிப்புக் கொடுத்துக் கேட்கலாம் என்று ஆனது. அப்போதும் ஒரு முறை கேட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். 1909-இல் மூல வினாவைக் கேட்டவர் மட்டும் மேற்கொண்டு கேட்க இடம் கிடைத்தது. 1919 சீர்திருத்தங்களுக்குப் பிறகே மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம் என்று வந்தது.

'துணை' என்ற முன்னொட்டு எனக்கு அவ்வளவு நிறைவாக இல்லை. துணைப் பதிவாளர், துணை வட்டாட்சியர் என்பது போல ஒரு படி தாழ்ந்தது என்ற தொனி அதில் வருகிறது. உண்மையில் கேள்வி நேரத்தின் உயிரே அதுதான். 'தொடர்வினா' என்றால் பொருளும் பொருந்தும், தொனியும் பொருந்தும்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்ற தொடரைப் பற்றிச் சுருக்கமாக: வாய்மொழியாக விடை தர வேண்டிய வினாவின் பக்கத்தில் அச்சில் ஓர் உடுக்குறி போட்டார்கள். நாம் குறியை மொழிபெயர்த்தோம், கருத்தை விட்டுவிட்டோம். இலங்கை நாடாளுமன்றப் பதிவுகளில் 'வினாக்களுக்கு வாய்மூல விடைகள்' என்று தலைப்பிடுகிறார்கள். படித்த உடனே விளங்குகிறது. அதே சமயம், முன்னறிவிப்பு இல்லாமல் அவசர விஷயங்களைப் பேசும் நேரத்துக்கு நம் செய்தியாளர்கள் வைத்த 'நேரமில்லா நேரம்' அழகான ஆக்கம். அதைச் சூன்ய நேரம், பூஜ்ய நேரம் என்று கெடுக்க வேண்டாம்.

வழக்கில் உலவும் இரண்டு சொற்களையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 'சவால்' என்றால் அரபியில் கேள்வி. உருது வழியாகத் தமிழுக்கு வந்தபின் அறைகூவல் என்ற பொருளை எடுத்துக்கொண்டது. 'ஜவாப்' விடை. அதிலிருந்து 'ஜவாப்தாரி'. விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்று பொருள். பழைய பத்திரிகைகளில் பொறுப்பாளி என்பதற்கு இதுதான் புழங்கியது. அரசியல் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, அமைச்சர்கள் சட்டமன்றப் பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையவர்கள் என்கிறது. ஜவாப்தாரி என்றபோது விடை சொல்ல வேண்டும் என்ற கடமை சொல்லிலேயே தெரிந்தது. 'பொறுப்பு' என்று மாற்றியதில் அது தொலைந்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொறுப்பு, 'பொறு' அடியாக வந்தது. 'செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்' என்று ஆள்பவனுக்கு இலக்கணம் சொல்கிறது 389-ஆம் குறள். காது கசக்கும்படியான சொல்லையும் பொறுத்துக் கேட்பவன் என்று பொருள். பொறுத்தலும் செவியும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

சரி, எதை எழுதுவது? அச்சிட்டு, எண்ணிட்டு, துறை வாரியாக வரும் ஒவ்வொன்றும் 'வினா'. அதற்கு அமைச்சர் தருவது 'விடை'. கோரிக்கை, முறையீடு, பேச்சு எதோடும் குழம்பாத சொற்கள் இவை. ஆவணத்துக்கு அந்தத் தெளிவு வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கோ 'கேள்வி நேரம்' என்ற பெயரே இருக்கட்டும். கேட்பவரின் வாய்க்கும் கேட்டுக்கொள்பவரின் காதுக்கும் அதில் இடம் இருக்கிறது. 'கேள்வி எழுப்பினார்' என்று செய்திகளில் வருவதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். உறுப்பினர் கேட்டார், வினவினார். அமைச்சர் விடையளித்தார். விடை கிடைக்காத நாளில் 'அமைச்சர் பேசினார்' என்று மட்டும் எழுதலாம்.