ஹேண்ட் பிரேக் இழுத்தாச்சே, அப்புறம் என்ன?

போடியில் ஜீப் வேலை பார்க்க ஆரம்பித்து இருபது வருடம் தாண்டிவிட்டது. வருகிற வண்டிகளில் பாதி, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய மகிந்திரா. மீட்டர் எப்போதோ நின்றிருக்கும். கேட்டால் "மூணு லட்சம் ஓடியிருக்கும்ணே" என்பார்கள். இப்போது போனில் வீடியோ பார்த்து ஓனர்களே அடியில் படுத்துவிடுகிறார்கள். நல்லதுதான், என் பிழைப்பு ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் போன மழைக்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

தெரிந்த தம்பி ஒருவர் தோட்டத்துப் பாதையில், லேசான சரிவில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பின்பக்கம் ஒரு சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்திருக்கிறார். டயர் தரையை விட்டு எழும்பியதுதான் தாமதம், வண்டி நகர்ந்து ஜாக்கி சாய்ந்துவிட்டது. நல்ல வேளை, ஸ்பேனர் எடுக்க அவர் எழுந்திருந்தார். "கேபிள் போன மாசம்தானேண்ணே மாத்துனீங்க?" என்று என்னிடமே வந்தார்.

கேபிளில் குறையில்லை. இந்த மாதிரி பழைய சிஜே ரக ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. முன், பின் சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் சின்னதாக ஒரு டிரம் இருக்கும். பிரேக் பிடிப்பது ஷாஃப்டை. நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்வரை வண்டி அசையாது. ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால், அது டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரத் தொகுதி) வழியாக எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பிக்கும், தரையில் இருக்கிற சக்கரம் தாராளமாக உருளும். ஷாஃப்ட் நின்ற இடத்தில் நிற்கும், வண்டி போய்விடும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான், கியரும் பிடிப்பது அந்த ஷாஃப்டைத்தானே.

அதனால் முதலில் சமதளம். தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. தூக்கிய பிறகு சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு. ஹாலோ பிளாக்கை அடுக்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அது சொல்லிக்கொண்டு உடையாது.

அடுத்தது ஓடைத் தண்ணீர். மேடேறி வந்த வண்டியில் பின் ஹவுசிங், அதாவது டிஃபரன்ஷியலும் அதன் ஆயிலும் இருக்கிற கூடு, சுட்டுக்கொண்டிருக்கும். அப்படியே ஓடையில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கும். ஹவுசிங் மேல் காற்று போய்வர இருக்கிற பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால், தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாள் ஓட்டினால் ஆயில் டீக்கடைப் பால்போல வெளுத்துவிடும். ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. வெளுத்திருந்தால் அன்றைக்கே ஆயிலை இறக்குங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரங்களுக்கும் பேரிங்குக்கும் சேர்த்துச் செலவு. இறக்கும்போது டிரெய்ன் போல்ட்டைத் தொடும் முன்னால் ஃபில்லர் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிலை இறக்கிவிட்டு ஊற்ற வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

ஷாஃப்ட் மூட்டில் இருக்கிற கிராஸுக்கு கிரீஸ் அடிப்பது, ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட்டை மறுபடி இறுக்குவது எல்லாம் தாராளமாக நீங்களே செய்யலாம்.

பிரேக் ஆயில் விஷயம் வேறு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவே 140 டிகிரிதான். போடிமெட்டிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பாதி தீர்ந்து திறந்து கிடக்கிற பழைய டப்பாவை ஊற்றாதீர்கள்.

பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது பெடலை மிதிக்க ஒரு ஆள் வேண்டும். முடித்த பிறகு முதல் ஓட்டம் வீட்டு வாசலில், மெதுவாக. இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால்தான் பெடல் நிற்கிறது என்றால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அப்படியே மலை இறங்கி என் பட்டறைக்கு ஓட்டி வராதீர்கள். போன் செய்தால் நானே மேலே வருகிறேன்.