பேலட்: சீட்டா, வாக்கெடுப்பா?

‘ஸ்டிரைக் பேலட்’ என்பதை ‘வேலைநிறுத்த வாக்குச்சீட்டு’ என்று எழுதுவது அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுவதால் வரும் பிழை. பேலட் என்றால் சீட்டுதான். ஆனால் மறைவாக வாக்களிக்கும் முறைக்கும், அம்முறையில் நடக்கும் வாக்கெடுப்புக்கும் அதே பெயர். சங்கம் ‘பேலட் நடத்தியது’ என்றால் வாக்கெடுப்பு நடத்தியது என்று பொருள்.

மூலம் இத்தாலியச் சொல்லான ‘பல்லோத்தா’, அதாவது சிறு உருண்டை. வெனிஸ் குடியரசின் அவையில் உருண்டை போட்டு வாக்களித்தார்கள். விழும் ஓசை கேட்டு யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடாமலிருக்க அவற்றைத் துணியால் செய்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. உருண்டை போய்த் தாள் வந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இதற்குக் ‘குடவோலை’ இருக்கிறதே என்பார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வது வேறு: தகுதியுடையோர் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அது திருவுளச்சீட்டு, விருப்பத்தை எண்ணிப் பார்ப்பதல்ல. பெருமைக்குரிய சொல்தான், இங்கே பொருந்தாது.

தொழிற்சங்கத்தில் மறைவு ஏன் முக்கியம்? ஆலை வாசலில் கை தூக்கச் சொன்னால் மேற்பார்வையாளரும் பார்க்கிறார், சக தொழிலாளியும் பார்க்கிறார். இரண்டு பக்கமும் அச்சம். பிரிட்டனில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் வேலைநிறுத்தத்துக்கு முன் இரகசிய வாக்கெடுப்பை வலியுறுத்தியது. பின்னர் வாக்குச்சீட்டு உறுப்பினர் வீட்டுக்கே அஞ்சலில் போக வேண்டும் என்றானது. பெரிய வாக்கெடுப்புகளுக்குச் சங்கம் சாராத கண்காணிப்பாளரும் வேண்டும்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 50% பேர் வாக்களிக்க வேண்டும் என்றது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. உறுப்பினர் 1000 பேரில் 499 பேர் வாக்களித்து, அத்தனை பேரும் ‘ஆம்’ என்றாலும் வேலைநிறுத்தம் செல்லாது. 500 பேர் வாக்களித்து 251 பேர் ‘ஆம்’ என்றால் செல்லும். அதாவது, எதிர்ப்பவர் ‘இல்லை’ என்று வாக்களிப்பதைவிட வீட்டில் இருப்பது சில நேரம் அதிக பலன் தரும். அதனால் சங்கக்காரர்கள் ஆதரவு திரட்டுவதைவிடச் சீட்டைத் திருப்பி அனுப்ப வைப்பதற்கே அதிகம் அலைவார்கள். வீடு மாறிய உறுப்பினரின் பழைய முகவரிக்குப் போன சீட்டும் அந்த 1000இல்தான் சேரும்.

இந்தியாவில் வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பைத்தான் சட்டம் கேட்கிறது, வாக்கெடுப்பை அல்ல. ரயில்வே சங்கங்கள் தாமாக நடத்தும் ‘ஸ்டிரைக் பேலட்’டை வேலைநிறுத்த வாக்கெடுப்பு எனலாம். 2007, 2013, 2024இல் ரயில்வேயில் நடந்தது வேறு. எந்தச் சங்கத்துக்கு நிர்வாகத்தோடு பேசும் உரிமை என்பதை முடிவு செய்த அது, இரகசிய வாக்கெடுப்பு முறையில் நடந்த அங்கீகாரத் தேர்தல்.

பேலட் பேப்பருக்கு வாக்குச்சீட்டு, பாக்ஸுக்கு வாக்குப்பெட்டி; சிக்கலில்லை. ‘போஸ்டல் பேலட்’டில்தான் கவனம் வேண்டும். தபால் வாக்கு என்றால் நம் வாசகருக்கு வாக்கு எண்ணிக்கையன்று முதலில் எண்ணும் அந்தச் சில கட்டுகள்தான் நினைவுக்கு வரும். பிரிட்டன் சங்கங்களில் மொத்த வாக்கும் அஞ்சலிலேயே நடக்கும் வாக்கெடுப்பைப் பற்றி எழுதும்போது, ‘அஞ்சல்வழி வாக்கெடுப்பு’ என்று முழுமையாகவே எழுதுங்கள்.