9 ஜி-யில் விமானியின் உடல்: ஆய்வுப் பணம் எங்கே நிற்கிறது, எங்கே அறுபடுகிறது

போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது விமானியின் எடை பல மடங்காகிறது: 1 ஜி என்பது இயல்பான எடை, 9 ஜி அதன் ஒன்பது மடங்கு. அதைவிடப் பெரிய சிக்கல், ரத்தமும் அதே அளவு கனத்துவிடுவது. உட்கார்ந்திருப்பவரின் இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையே செங்குத்தாகச் சுமார் 30 செ.மீ. அந்த உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற 1 ஜி-யில் ஏறக்குறைய 23 மி.மீ. பாதரச அழுத்தம் செலவாகும். இதய மட்டத்தில் சராசரி அழுத்தம் 100 என்றால், 4 ஜி-யில் ஏறுவதற்கே 92 போய்விடும். கண்ணுக்குள் இயல்பாகவே 15 மி.மீ. அளவு அழுத்தம் இருப்பதால் விழித்திரைக்கு ரத்தம் முதலில் நிற்கிறது: பார்வை ஓரங்களில் சாம்பல் நிறமாகி, பிறகு முழுதும் இருள்கிறது. அதற்குச் சற்று மேலே போனால் நினைவு தப்பும்.

இந்த எச்சரிக்கை எப்போதும் கிடைக்காது. ரத்த ஓட்டம் நின்ற பிறகும் மூளை 4 முதல் 6 விநாடி வரை கையிருப்பு ஆக்சிஜனில் ஓடும். ஜி மெல்ல ஏறினால் பார்வை மங்குவதை உணர்ந்து விமானி திருப்பத்தைத் தளர்த்தலாம். ஒரு விநாடிக்கு 6 ஜி என்ற வேகத்தில் ஏறினால் அந்தக் கையிருப்பு தீரும்போது விமானம் 9 ஜி-யில் இருக்கும். பார்வை மங்குமுன்னே நினைவு போய்விடும். ரத்த அழுத்தத்தைத் தானாக உயர்த்தும் உடலின் அனிச்சைச் செயலுக்குப் பல விநாடிகள் தேவை, அது வந்து சேரும்போது காரியம் முடிந்திருக்கும். நினைவு திரும்பச் சுமார் 12 விநாடி. அதன்பின் இன்னும் அதே அளவு நேரம் குழப்பம். தாழப் பறக்கும் விமானத்துக்கு இவ்வளவு நேரம் கிடையாது.

9 ஜி-யைத் தாங்குவது பல துண்டுகளைக் கூட்டி வரும் கணக்கு. எந்த உதவியும் இல்லாமல் தளர்வாக உட்கார்ந்தால் நாலரை ஜி வாக்கில் நினைவு போகும். காலையும் வயிற்றையும் காற்றுப் பைகளால் இறுக்கும் ஜி-சூட் ஒன்று முதல் ஒன்றரை ஜி வரை கூட்டும். மிச்சத்தில் பெரும்பங்கு விமானியின் சொந்த உழைப்பு: கால், தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்கி, குரல்வளையை மூடி, மார்புக்குள் அழுத்தத்தை ஏற்றுவது. மூன்று விநாடிக்கு ஒருமுறை மூச்சு மாற்ற வேண்டும், அந்த மாற்றம் ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும். பிழை நேர்வது பெரும்பாலும் இங்கேதான். தாமதமாக இறுக்கத் தொடங்கினால் ரத்தம் ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கும். மூச்சை நீளமாக விட்டால் அழுத்தம் சரியும். மூச்சை அதிக நேரம் பிடித்தாலோ இதயத்துக்குத் திரும்பும் ரத்தமே குறைந்துவிடும். இந்த உழைப்பின் களைப்பைக் குறைக்கத்தான் முகக்கவசத்துக்குள் ஆக்சிஜனை அழுத்தத்தோடு செலுத்தும் முறை வந்தது. அமெரிக்க விமானங்களில் இது 4 ஜி-யில் தொடங்கி, 9 ஜி-யில் 60 மி.மீ. பாதரசத்தை எட்டும். அந்த அழுத்தத்தில் மார்பு உப்பிவிடாமல் இருக்க வெளியிலிருந்து ஒரு காற்றுச் சட்டை அதே அழுத்தத்தில் அழுத்தும்.

இந்த அறிவில் எதுவும் சந்தைக்காகப் பிறந்ததல்ல. கனடாவில் வில்பர் ஃப்ராங்க்ஸ் நீர் நிரப்பிய ஜி-சூட்டை உருவாக்கியதும், அமெரிக்காவில் மேயோ கிளினிக் சுழலி (ஆளை ஏற்றி வேகமாகச் சுற்றித் தரையிலேயே ஜி-யை உண்டாக்கும் இயந்திரம்) வைத்துக் காற்றுப் பை சூட்டை ஆராய்ந்ததும் இரண்டாம் உலகப் போரின் அவசரத்தில் நடந்தவை. இன்று அமெரிக்க வான்படையில் இந்த வேலையின் மையம் ஓஹையோவின் ரைட்-பேட்டர்சன் தளத்தில் உள்ள 711-ஆவது மனிதத் திறன் பிரிவு, 2008-இல் தொடங்கப்பட்டது.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ஆய்வுக்குப் பணம் வரும் வழி எண்களால் பிரிக்கப்பட்டிருக்கிறது. 6.1 அடிப்படை ஆய்வு, 6.2 பயன்முக ஆய்வு, 6.3 மேம்பட்ட தொழில்நுட்ப உருவாக்கம். 6.4-க்கு மேல் முன்மாதிரி, முழு அமைப்பு என்று போய், கடைசியில் கொள்முதல். மூளையின் ரத்த நாளங்கள் ஜி-யில் எப்படிச் சுருங்குகின்றன என்பது 6.1 கேள்வி. அதை அளக்கும் உணரியைத் தலைக்கவசத்தில் பொருத்திச் சுழலியில் சோதிப்பது 6.2-இலிருந்து 6.3-க்கு நகரும். அந்த உணரியின் தகவலை விமானத்தின் கணினி படிக்க வேண்டுமென்றால் 6.4-க்கு மேல், அதாவது வேறு அலுவலகம், வேறு பட்ஜெட் கணக்கு, வேறு முன்னுரிமை. ஆய்வு நிதியை ஒப்பந்தத்தில் கட்ட இரண்டு ஆண்டே அவகாசம். அடுத்த கட்டத்துக்கான பட்ஜெட்டோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திட்டமிடப்பட்டிருக்கும். ஆகவே இன்று நல்ல முடிவு வந்தாலும் அதை எடுத்துச் செல்லப் பணம் தயாராக இருப்பதில்லை. 6.3-க்கும் 6.4-க்கும் நடுவே பல நல்ல கருவிகள் செத்துப்போகின்றன. சிறு நிறுவனங்களுக்கான எஸ்.பி.ஐ.ஆர். திட்டத்திலும் இதே கதைதான்: முதல் இரண்டு கட்டத்துக்கு அதன் நிதி கிடைக்கும், மூன்றாம் கட்டத்துக்கு வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். உங்கள் கருவியை எந்தத் திட்ட அலுவலகம் வாங்கப்போகிறது, அங்கே யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை இல்லாத விண்ணப்பம், அறிவியல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பலவீனமானதே.

மனிதரைச் சுழலியில் ஏற்றும் ஆய்வுக்கு இன்னொரு வரிசை உண்டு. அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 10-ஆம் தலைப்பு, 980-ஆம் பிரிவின்படி, சோதனைக்கு உட்படுபவரின் முன்கூட்டிய, விவரமறிந்த ஒப்புதல் இல்லாமல் பாதுகாப்புத் துறைப் பணத்தைச் செலவிடக் கூடாது. படைவீரர்களைச் சேர்க்கும்போது அவர்களின் மேலதிகாரி அந்த அறையில் இருக்கக் கூடாது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது, கட்டளைக்குப் பழகியவர்களிடம் ‘விருப்பம்’ என்பது அவ்வளவு எளிதல்ல. பல்கலைக்கழக நெறிக்குழு அனுமதித்த பிறகும் பாதுகாப்புத் துறையின் தனி மறுஆய்வு முடிந்தால்தான் முதல் ஆளை ஏற்றலாம். கால அட்டவணையில் இதற்கு இடம் விடாதவர்கள், இரண்டு ஆண்டு நிதியில் மாதக்கணக்கைக் காத்திருந்தே கழிப்பார்கள். சுழலியின் கூண்டுக்குள் இருப்பவர் எதிரே ஒரு விளக்குத் தண்டு இருக்கும்: நடுவில் ஒரு விளக்கு, இரு ஓரங்களில் இரண்டு. ஓர விளக்குகள் மறையத் தொடங்கியதும் அவர் கையிலுள்ள விசையை விடுவார், சுழலி நிற்கும். வெளியே மருத்துவர் இதயத்துடிப்பு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரும் நிறுத்தலாம்.

பணம் வறண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க வான்படையின் எஃப்-22 போர் விமானமே சான்று. மூச்சுத் திணறல், தலைசுற்றல் புகார்களால் 2011 மே மாதம் முதல் செப்டம்பர் வரை அந்த விமானங்கள் அனைத்தும் பறக்காமல் நிறுத்திவைக்கப்பட்டன. நச்சு வாயு இருக்குமோ என்று கரி வடிகட்டி பொருத்தினார்கள். அது காற்றோட்டத்தைத் தடுத்துச் சிக்கலைக் கூட்டியது. கடைசியில் பிடிபட்டது, மேலே சொன்ன காற்றுச் சட்டை. அதைக் கட்டுப்படுத்தும் வால்வு, ஜி ஏறாதபோதும் சட்டையை உப்பவைத்து மார்பை இறுக்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விமானி கூடுதலாக உழைத்தார். விமானத்திலேயே தயாரிக்கும் ஆக்சிஜனில் இன்னொரு தொல்லையும் இருந்தது. ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தாலான வடிகட்டி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு 93 முதல் 95 சதவீத ஆக்சிஜனைத் தரும். நுரையீரலின் சிற்றறைகளை விரித்து வைப்பதில் நைட்ரஜனுக்குப் பங்குண்டு. அது இல்லாமல் ஜி-யும் வயிற்றின் அழுத்தமும் சேர்ந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி ஒட்டிக்கொள்ளும். தரையிறங்கிய பின் விடாத இருமல் வரும்.

வால்வு, சட்டை, வடிகட்டி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே சோதனையில் தேறியவை. ஒரே மனிதரின் மூச்சில் அவை சேரும்போது என்ன ஆகும் என்று பார்க்க வேண்டியவர்கள் குறைந்துவிட்டிருந்தனர். இருபது ஆண்டுகளில் மனிதரையும் இயந்திரத்தையும் இணைத்துப் பார்க்கும் திறன் வான்படையில் போதாமல் போனது என்று அதன் அறிவியல் ஆலோசனைக் குழுவே 2012-இல் எழுதியது. உடலியல் ஆய்வகத்தை மூடுவது பட்ஜெட்டில் அந்த ஆண்டே மிச்சமாகத் தெரியும். அதன் விலை பதினைந்து ஆண்டு கழித்து, வேறு கணக்கில் வரும்.

இன்றும் அளவீடு போதவில்லை. ஆக்சிஜன் கருவியைத் தரையில் சோதிக்கும்போது ஒரே சீராக ஓடும் காற்றை வைத்துச் சோதிப்பது வழக்கம். மனிதர் அப்படி மூச்சுவிடுவதில்லை: இழுக்கும்போது ஓட்டம் பாய்ந்து உயரும், நடுவில் பேசினால் அறுபடும், ஜி-யில் ஒரு விநாடிக்குள் முழு மூச்சு மாறும். நாசாவின் பொறியியல் பாதுகாப்பு மையம் எஃப்-15, எஃப்-18 விமானங்களில் விமானிகளின் மூச்சை ஒவ்வொன்றாக அளந்து 2020-இல் அறிக்கை தந்தது. முகக்கவச வால்வுகளும் ஆக்சிஜன் வழங்கும் கருவியும் மூச்சின் தாளத்தோடு பொருந்தாமல் போகும் கணங்கள் அதில் வரைபடமாகவே தெரிகின்றன. அந்த வகை உணரியை எல்லா முகக்கவசத்திலும் பொருத்த வேண்டுமென்றால் அது ஈரம், அதிர்வு, ஜி மூன்றையும் தாங்க வேண்டும், முகக்கவசத்தின் உள்ளிடத்தைக் கூட்டக் கூடாது, 6.4 பட்ஜெட்டில் அதற்கென ஓர் இடமும் வேண்டும்.