சத்து மாத்திரைதானே என்று போடும் பி வைட்டமின்

"பி காம்ப்ளெக்ஸ்தானே, கூடினாலும் சிறுநீரில் போய்விடும்." மருந்தாளுநர் வேலையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பாதி உண்மைதான். பி வகை வைட்டமின்கள் எட்டும் நீரில் கரைபவை. மாத்திரை போட்ட பிறகு சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவது பி2 வெளியேறுவதால். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் எட்டும் அப்படிச் சத்தமில்லாமல் போய்விடுவதில்லை.

பி6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஒன்றரை மில்லிகிராம் அளவுதான். நரம்புக்கு என்று விற்கும் சில மாத்திரைகளில் 50, 100 மில்லிகிராம்கூட இருக்கும். கை கால் மரத்துப்போகிறது என்று அதை வாங்குகிறார்கள். அதிக அளவில் மாதக்கணக்கில் போட்டால் அந்த பி6-ஏ உணர்வு நரம்புகளைக் கெடுத்து மரமரப்பைக் கொண்டுவரும். நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னொரு மாத்திரை சேர்ப்பவர்களும் உண்டு! நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலருக்கு முழுதாகச் சரியாவதில்லை. அமெரிக்காவில் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் உச்சவரம்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2023-ல் தன் வரம்பை 12 மில்லிகிராம் ஆக்கியது. மல்டிவிட்டமின், மெக்னீசிய மாத்திரை, எனர்ஜி பானம் என்று பல வழியில் பி6 உள்ளே வரும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பைரிடாக்சின்' என்று இருப்பது அதுதான். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

பி12 வேறு கதை. இதில் பிரச்சினை பெரும்பாலும் குறைபாடுதான். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவுமே சேர்க்காதவர்கள், வயதானவர்கள், இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ அமிலத்தைக் குறைக்க ஒமிப்ரசோல் போன்றவையோ வருடக்கணக்கில் எடுப்பவர்கள் ரத்தத்தில் பி12 அளவைப் பார்ப்பது நல்லது. ரத்தசோகை என்றதும் வெறும் ஃபோலிக் அமிலம் (இது பி9) மட்டும் போட்டால் ரத்தசோகை தேறிவிடும். பி12 குறைவால் வரும் நரம்புச் சேதம் மட்டும் உள்ளுக்குள் தொடரும். அப்புறம், தேவை 2.4 மைக்ரோகிராம், மாத்திரையில் 1000 இருக்கிறதே, அச்சுப்பிழையா என்று கேட்பார்கள். இல்லை. பி12-ஐ உறிஞ்ச இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குதான் உடலில் சேரும்.

கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டும். கரு உருவான 28 நாட்களுக்குள் குழந்தையின் நரம்புக்குழாய், அதாவது பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் பகுதி, மூடிவிடும். அது சரியாக மூடத்தான் ஃபோலிக் அமிலம். பலருக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது.

முடிக்கு என்று வாங்கும் பயோட்டின் (பி7), தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். நியாசின் (பி3) அதிக அளவில் கல்லீரலைப் பாதிக்கும். ரத்தக் கொழுப்புக்கு என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

இதெல்லாம் படித்துவிட்டு டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் நிறுத்திவிட வேண்டாம். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களுக்கு பி6 தருவது அந்த மருந்திலிருந்து நரம்பைக் காக்க. முடக்குவாதம் போன்றவற்றுக்கு எடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டுடன் தரும் ஃபோலிக் அமிலம் அந்த மருந்தின் பக்கவிளைவைக் குறைக்க. இரண்டையும் அவர் சொன்ன அளவில், சொன்ன நாளில் போடுங்கள்.