சுவடு: ‘டிரேஸ்’ என்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல்

மின் நிலைய ஆய்வகத்தில், நீரில் மிகக் கொஞ்சமாகக் கலந்திருக்கும் மாசுகளை ‘டிரேஸ் சோடியம்’, ‘டிரேஸ் சிலிக்கா’ என்றுதான் சொல்வோம். பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி அறிக்கையில் ‘நுண்மாசு’ என்று எழுதியிருந்தார். சரி, நல்ல தமிழ்தானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் கேட்டார்: “இன்னும் சன்னமான ஃபில்டர் போட்டா இது நின்னுடாதா சார்?”

அப்போதுதான் உறைத்தது. ‘நுண்’ என்றதும் அவருக்குப் பொடித் தூசி நினைவுக்கு வந்துவிட்டது. இங்கே சோடியம் நீரில் கரைந்து கிடக்கிறது, ஃபில்டரில் நிற்காது. நெல்லுக்குப் போடும் நுண்ணூட்டத்தில் ‘நுண்’ அளவைத்தான் குறிக்கிறது, உண்மை. ஆனால் மாசோடு சேர்ந்தால் பொருள் தடம் மாறிவிடுகிறது.

‘டிரேஸ்’ இழுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். நம் வயலில் ஓடும் டிராக்டருக்கும் அதே வேர்தான். முதலில் ஒன்று போன தடம். பிறகு, தடம் மட்டுமே தெரிகிற அளவுக்குக் கொஞ்சம்.

தமிழில் இதற்குச் சுவடு இருக்கிறது. கோடையில் திருவையாற்றுப் பக்கம் காவிரி மணலில் இறங்கிப் பாருங்கள். நாரை பறந்துபோயிருக்கும், மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே என்று ஈர மணலில் அதன் கால் பதிந்திருக்கும். வந்தது யார் என்று மணலே சொல்லிவிடும்.

ஆய்வகத்தில் நாங்கள் பார்ப்பதும் அதையேதான். டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் கண்டன்சர் மறுபடி நீராக்கும். அதன் குழாயில் ஊசித் துளை விழுந்தால், குழாய்க்குள் ஓடும் குளிர்விப்பு நீரின் உப்பு நீராவிப் பக்கம் கசியும். ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, சோடியம் மீட்டர் மட்டும் ஏறும். அளவும் தடயமும் ஒருசேரச் சொல்ல ‘நுண்’ போதாது.

எவ்வளவு கொஞ்சம் என்றால், நாங்கள் எண்ணுவது பிபிபியில்: நூறு கோடியில் ஒரு பங்கு. 1000 லிட்டர் தொட்டியில் 1 மில்லிகிராம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை உப்புகள் கரைந்திருப்பதை இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிறது. இங்கே சோதனைக்கு நீர் எடுக்கும்போது பாட்டில் வாயில் விரல் பட்டாலே வியர்வை உப்பு கணக்கைக் கெடுத்துவிடும். கண்ணாடி பாட்டிலும் ஆகாது, அதிலிருந்தே சோடியமும் சிலிக்காவும் கரையும். அதனால்தான் குழாயில் ஓடுகிற நீரையே மீட்டருக்குள் விட்டுப் பார்க்கிறோம்.

‘கன்டாமினன்ட்’ என்பதைச் சிலர் கலப்படம் என்கிறார்கள். கலப்படம் ஒருவர் வேண்டுமென்றே செய்வது. தானாக வந்து சேர்வது மாசு. ஆகவே சுவட்டு மாசு. கவனித்துக்கொண்டே இருப்பது சுவட்டு மாசுக் கண்காணிப்பு. தனிப்பொருளைச் சொல்லும்போது சுவடளவுச் சோடியம், சுவடளவுச் சிலிக்கா.